எடை இறங்கியது, ஷூ பரண் ஏறியது

உடம்பைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். 'எப்படி எடை குறைப்பது?' என்றுதான் கேட்பார்கள் என்று நினைத்தோம். 'குறைத்தாயிற்று, இனிமேல் நடக்க மனம் வரவில்லையே' என்று எழுதியவர்களே அதிகம். ஆகவே இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான்.

வங்கி ஊழியர், திருச்சி
92 கிலோ இருந்தேன். ஒன்பது மாதம் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடந்து 76க்கு வந்தேன். 76ஐத் தொட்ட மறுவாரத்திலிருந்து அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறேன். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

சோம்பேறி ஒன்பது மாதம் ஐந்து மணிக்கு எழமாட்டான். கடைசிப் பரீட்சை முடிந்த அன்றே புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போடுகிற பையனைப் பார்த்திருப்பீர்கள். அவனுக்குப் படிப்பின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. பரீட்சைக்காகப் படித்தான், பரீட்சை முடிந்தது. நீங்கள் 76க்காக நடந்தீர்கள், 76 வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஒன்பது மாதமும் வாராவாரம் எடை மெஷினில் ஏறியபோது ஏதோ ஒரு நல்ல சேதி கிடைத்தது. ஒரு வாரம் அரைக் கிலோ, இன்னொரு வாரம் பெல்ட்டில் ஒரு துளை உள்ளே. இப்போது எல்லாம் ஒழுங்காகப் போனால் எண் அசையாது. அப்படி அசையாமல் இருப்பதுதான் வெற்றி என்றாலும், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்து யாருக்கு உற்சாகம் வரும்? அதனால் அசையக்கூடிய வேறு ஒன்றை அளக்கத் தொடங்குங்கள். ஊரிலேயே மலைக்கோட்டையை வைத்திருக்கிறீர்கள். தாயுமானவர் சன்னதி வரை எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறீர்கள், அங்கிருந்து உச்சிப் பிள்ளையார் வரை எத்தனை இடத்தில் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பாருங்கள். அடுத்த மாதம் அதில் ஒன்றைக் குறையுங்கள். குறைப்பதில்தான் நீங்கள் கைதேர்ந்தவராயிற்றே.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்
அக்கா கல்யாணத்துக்காக இளைத்தேன். கல்யாணம் முடிந்தது. அடுத்து?

'அடுத்து உனக்குத்தான்' என்று வீட்டில் ஆரம்பிப்பதற்குள் வேறு காரணம் தேடிக்கொள்ளுங்கள். தேதி வைத்த காரணம் அந்தத் தேதியோடு போய்விடும். கோகோ, இறகுப்பந்து, சிலம்பம், எது கல்லூரியில் இருக்கிறதோ அதில் பெயர் கொடுங்கள். விளையாட்டுக்கு முகூர்த்த நாள் கிடையாது.

ஜவுளிக் கடை உரிமையாளர், ஈரோடு
எடை குறைவதில் முக்கால்வாசி சாப்பாடுதான், உடற்பயிற்சியின் பங்கு கொஞ்சம்தான் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். நானும் சாப்பாட்டில்தான் 18 கிலோ குறைத்தேன். இனிமேல் உடற்பயிற்சி எதற்கு?

குறைப்பதைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. ஒரு மணி நேரம் வியர்க்க நடந்து செலவழித்ததை இரண்டு பரோட்டா சால்னாவோடு பத்தே நிமிடத்தில் திரும்ப உள்ளே போட்டுவிட முடியும். ஆனால் குறைப்பது ஒரு வேலை, குறைத்ததைக் காப்பது வேறு வேலை. இரண்டாவது வேலையில்தான் உடற்பயிற்சி முன்வரிசைக்கு வருகிறது.

அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று எடை குறைக்கும் போட்டி ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. அதன் எட்டாவது சீசனில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அழைத்துப் பரிசோதித்தார் கெவின் ஹால் என்ற ஆய்வாளர். முடிவு 2016இல் வெளிவந்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. 14 பேரில் 13 பேருக்கு எடை ஏறியிருந்தது. அதைவிடக் கொடுமை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த ஆற்றல், அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பஞ்ச காலத்தில் பழகிய உடம்பு நம்முடையது. எடை குறைந்தால் அது செலவைச் சுருக்கிக்கொள்கிறது. ஆறு வருடம் ஆகியும் அவர்கள் உடம்பு அந்தச் சிக்கனத்தை விடவில்லை.

இந்தச் செய்தி பத்திரிகைகளில் பரபரப்பாக வந்தது, பலர் மனம் உடைந்து போனார்கள். அடுத்த ஆண்டு அதே குழு வெளியிட்ட தொடர்ச்சி அந்த அளவுக்குப் பரவவில்லை. உங்களுக்கு வேண்டியது அந்தத் தொடர்ச்சிதான். எடையை ஓரளவு தக்கவைத்தவர்களுக்கும் கோட்டை விட்டவர்களுக்கும் சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் உடல் உழைப்பில் இருந்தது. போட்டிக்கு முன் இருந்ததைவிடத் தக்கவைத்தவர்கள் 160 சதவீதம் கூடுதலாக உழைத்தார்கள். மற்றவர்கள் 34 சதவீதம்.

அதே நாட்டில் 1994 முதல் ஒரு பதிவேடு இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டுக்கு மேல் தக்கவைத்தவர்கள் மட்டும் அதில் சேரலாம். சாப்பாட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி போனவர்கள். ஆனால் பத்துக்கு ஒன்பது பேர் உடற்பயிற்சி செய்கிறார்கள், சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம். அதில் நடைதான் அதிகம்.

ஆக, சாப்பாட்டால் 18 கிலோ குறைத்த உங்களுக்கு உடற்பயிற்சி வேலை இப்போதுதான் தொடங்குகிறது. கடையில் கல்லாவை விட்டு எழுந்து, மேல் மாடி ஸ்டாக்கை நீங்களே போய்ப் பார்ப்பதிலிருந்துகூட ஆரம்பிக்கலாம்.

பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை
எடை குறைந்த பிறகுதான் பசி அதிகமாக எடுக்கிறது. இது மனப்பிரமையா?

நிஜமான பசிதான். மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைத்து, ஓராண்டு கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் அப்போதும் கூடுதலாக இருந்தது. 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறைவாகவே இருந்தது. 2011இல் வந்த ஆய்வு இது. ஆகவே 'எனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். பயறு, சுண்டல், முட்டை, மோர் என்று வயிறு நிற்கிற பொருளாகச் சாப்பிடுங்கள்.

ஐ.டி. ஊழியர், சென்னை
நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய ட்ரெட்மில்லில் இப்போது துணி காய்கிறது.

துணியை மொட்டை மாடியில் காயப் போடுங்கள், படி ஏறி இறங்குகிற பயிற்சியாவது கிடைக்கும். மெஷினை விற்றுவிடலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடுவது எடை குறைகிற அவசரத்தில் சகித்துக்கொள்ளக்கூடியது. காலத்துக்கும் செய்ய வேண்டிய காரியத்தைச் சகித்துக்கொண்டே செய்ய முடியாது. எலியட்ஸ் கடற்கரை, அண்ணா நகர் டவர் பூங்கா, லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா என்று மனிதர்கள் நடமாடுகிற இடத்துக்குப் போங்கள். 2023இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை ஒன்றை அடையாளம் காட்டியிருக்கிறது. எந்த ஊர்க்காரரும் தன் மாவட்டத்தில் அது எங்கே என்று விசாரிக்கலாம்.

இல்லத்தரசி, மதுரை
குறைத்துக்கொண்டிருந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். இப்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சிலர் 'என்ன இப்படி வத்திட்டே, சுகரா?' என்கிறார்கள். மனசு விட்டுப்போச்சு.

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'சுகரா?' என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று முதலில் முடித்துவிடுவோம். 'சுகர் வராம இருக்கத்தான்' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பேச்சு வளராது.

பாராட்டு விஷயம் வேறு. ஜனங்கள் மாற்றத்தைப் பார்த்துத்தான் பாராட்டுவார்கள். நிலையாக இருப்பவரை யாரும் நிறுத்தி, 'போன வருடம் மாதிரியே இருக்கீங்களே' என்று மெச்ச மாட்டார்கள். இது அவர்கள் குற்றமில்லை, கண்ணின் சுபாவம். ஆனால் உங்களைக் கவனிக்க நாலு பேர் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயமான ஆசை. அந்த நாலு பேரைக் கல்யாண மண்டபத்தில் தேடாதீர்கள், நடைமைதானத்தில் தேடுங்கள்.

உங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். சேலையோடு கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து நடக்கும் பெண்கள் இருப்பார்கள். ஒருத்தர் மருமகள் கதை சொல்லிக்கொண்டு வருவார், ஒருத்தர் அதற்குத் தீர்ப்புச் சொல்வார், இன்னொருத்தர் முட்டிக்கு என்ன எண்ணெய் தேய்ப்பது என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர்களோடு பத்து நாள் சேர்ந்து நடந்துவிட்டு, பதினோராவது நாள் போகாமல் இருங்கள். மறுநாள் 'நேத்து ஏன்மா வரலை?' என்று கேட்பார்கள். உங்கள் இடுப்பளவு அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் வந்தீர்களா என்பதுதான் கணக்கு. அந்தக் கேள்விக்குப் பயந்தே வருடக்கணக்கில் நடக்கிறவர்கள் உண்டு. நல்ல பயம் அது.

தபால் ஊழியர், செங்கல்பட்டு
என் பிரச்சினை வேறு. நாலு மாதமாக நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை. நடந்ததெல்லாம் வீண்தானே?

இல்லை. இதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசல்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு பின்தொடர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, தினமும் அரைமணி நேரமாவது வேகமாக நடக்கச் சொல்லி, விடாமல் நினைவூட்டினார்கள். இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். 2006இல் முடிவு வந்தது. வழக்கமான ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்து, சாப்பாட்டை ஒழுங்குபடுத்தியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் இந்தப் பிரிவினரின் எடை குறையவே இல்லை!

நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. எடை மெஷின் எடையை மட்டுமே சொல்லும். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்வது அந்த மெஷினுக்குத் தெரியாது. எடை இறங்காததால் நடையை விடுபவரும், எடை இறங்கிவிட்டதால் நடையை விடுபவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். நடையின் பலனை மெஷினில் மட்டும் தேடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், விழுப்புரம்
சர்வீஸில் இருந்தவரை நான் உடற்பயிற்சி என்று எதுவும் செய்ததில்லை. நன்றாகத்தானே இருந்தேன்?

செய்தீர்கள் ஐயா, அதற்குச் சம்பளமும் வாங்கினீர்கள். உடற்பயிற்சி ஆராய்ச்சிக்கே உங்கள் தொழில்தான் பிள்ளையார் சுழி. லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், இரட்டை அடுக்குப் பேருந்துகளில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஆய்வு வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே புகை, ஒரே நிர்வாகம். ஆனால் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்தவருக்கு மாரடைப்பு குறைவு, உட்கார்ந்து ஓட்டியவருக்கு அதிகம். டிரைவர்களின் காற்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்ததையும் மாரிஸ் கவனித்தார். பருமன்தான் காரணமோ என்று பிறகு பிரித்துப் பார்த்தபோது, ஒல்லியானாலும் பருமனானாலும் கண்டக்டருக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. இப்போது ஓய்வுபெற்று டிரைவர் சீட்டுக்கு மாறியிருக்கிறீர்கள். காலையிலும் மாலையிலும் ஒரு டிரிப் அடியுங்கள்.

வாசகர், கோவை
இலக்கை எட்டியவன் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கக் கூடாதா?

ஒரு வாரம் தாராளமாக எடுக்கலாம். மூன்று வாரம் என்றால் யோசியுங்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்தபோது, உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் முதல் மூன்று வாரத்திலேயே சுமார் 7 சதவீதம் விழுந்தது. மூன்று மாதத்துக்குள் 16 சதவீதம். அதற்கப்புறம் உங்கள் கோவை ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று வந்தாலே மூச்சு வாங்கும். அந்தச் சிரமத்தைப் பார்த்துத்தான் பலர் திரும்பி வருவதில்லை.

அரசு ஊழியர், தஞ்சாவூர்
மழை, தீபாவளி, மாமனார் வீட்டு விசேஷம் என்று எப்போது விட்டாலும் மொத்தமாக விட்டுப்போகிறது. ஒரு நாள் தவறினால் போச்சு!

போகாது. லண்டனில் 96 பேரிடம் ஏதாவது ஒரு புதுப் பழக்கத்தைத் தொடங்கச் சொல்லி, அது எப்போது தன்னால் நடக்க ஆரம்பிக்கிறது என்று கவனித்தார்கள். சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. கெடுப்பது, தவறிய மறுநாள் 'போச்சு' என்று நீங்கள் எடுக்கும் முடிவுதான். மழை நாளில் வீட்டுக் கூடத்திலேயே இருபது தோப்புக்கரணம் போடுங்கள். பிள்ளையாருக்கும் ஆயிற்று, தொடைக்கும் ஆயிற்று.

பெயர் வேண்டாம், சேலம்
ஊசி போட்டு 14 கிலோ குறைத்தேன். ஒரு சொட்டு வியர்வை இல்லை. நடக்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கிறதா?

உங்களுக்குத்தான் அவசியம் அதிகம். ஊசி போட்டதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, அது மருந்து. ஆனால் செமாக்ளூடைடு ஊசியை ஓராண்டுக்கு மேல் போட்டுவிட்டு நிறுத்தியவர்களுக்கு, அடுத்த ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று 2022இல் வந்த ஆய்வு சொல்கிறது. நிறுத்துவதா, தொடர்வதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம் தசை. எந்த வழியில் எடை குறைத்தாலும் கொழுப்போடு கொஞ்சம் தசையும் கரையும். திரும்பி வரும்போது கொழுப்புதான் சுலபமாக வரும், தசை தானாக வராது. வாரம் இரண்டு நாளாவது பளு தூக்குகிற பயிற்சி செய்யுங்கள். புரதம் எவ்வளவு வேண்டும் என்பதையும் அதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

58 வயது வாசகி, காரைக்குடி
பளு தூக்கினால் உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த உங்கள் பாட்டிக்கு மீசை முளைத்ததா என்ன? இந்த வயதில் தசை இருந்தால்தான் தரையில் உட்கார்ந்துவிட்டுக் கையூன்றாமல் எழுந்திருக்க முடியும். அதை இன்றைக்கே செய்து பாருங்கள். முடியவில்லை என்றால், பக்கத்தில் சுவர் இருக்கும்படி, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.

வாசகர், தூத்துக்குடி
எடை மெஷினைத் தூக்கி எறிந்துவிடலாமா?

வேண்டாம். வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம் ஏறுங்கள். முன்னால் சொன்ன பதிவேட்டில் நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். இரண்டு கிலோ ஏறினால் அந்த வாரமே விழித்துக்கொள்ளலாம், எட்டுக் கிலோ ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தையல் தொழிலாளி, திருப்பூர்
நாளெல்லாம் மெஷினில் உட்காருகிறேன். எவ்வளவு நடந்தால் போதும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், இரண்டு நாள் தசைப் பயிற்சி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். குறைத்த எடையைக் காக்க வேண்டுமானால் 300ஐ நோக்கிப் போங்கள். ஒரேயடியாக வேண்டாம், டீ இடைவேளையில் பத்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும்.

மகள், கும்பகோணம்
அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரைக்குப் பயந்து 84லிருந்து 72 கிலோவுக்கு வந்தார். மூன்று மாதமாக வாக்கிங் போவதில்லை. 'அதான் குறைஞ்சாச்சே' என்கிறார். எப்படி எடுத்துச் சொல்வது?

சொல்லாதீர்கள். 'அப்பா, எனக்கு வாக்கிங் போகணும், துணைக்கு வாங்க' என்று கூப்பிடுங்கள். தனக்காக எழாத அப்பாக்கள் மகளுக்காக எழுந்துவிடுவார்கள். மகாமகக் குளத்தை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு டிகிரி காபி, சர்க்கரை இல்லாமல்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். நடக்கும்போது முட்டி வலிக்கிறதா, நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருக்கிறதா, பாதம் மரத்துப் போகிறதா? நேராகக் கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லை' என்பார். அம்மாவிடமும் விசாரியுங்கள். வலியை மறைக்கிற அப்பாக்கள் 'குறைஞ்சாச்சே' என்று சாக்குச் சொல்வதுண்டு. அப்படி ஏதாவது இருந்தால் வாக்கிங்கை ஒத்திவைத்துவிட்டு இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமா, பாதத்தைப் பரிசோதிக்க வேண்டுமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.